பூசை முடிந்த பின் வரும் அழைப்பு

என் மகன் நிருபன் கனடாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். காலைப் பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி, சாரத்துக்கு மாறி, முன்னறைக் கதிரையில் உட்காரும் நேரம் அவனுக்குத் தெரியும். அங்கே அது சனி இரவு. பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டு எடுப்பான்.

“சாப்பிட்டனீங்களா அப்பா?”

“ஓம்.”

“குளிசை?”

“போட்டனான்.”

“தண்ணி மோட்டர் திருத்தியாச்சா?”

“ஆச்சு.”

“ஆர் வந்தது?”

“பீற்றர் பாஸின்ட மகன்.”

“ஆர், என்னோட படிச்ச ஜெறாட்டா? அவன் கட்டாருக்கெல்லே போனவன்?”

“திரும்பி வந்திட்டான்.”

“ஏன்?”

இப்படித்தான் நீளும். ஜெறாட்டிலிருந்து அவன் தங்கையின் கலியாணம், கலியாணத்திலிருந்து கோவில் மண்டபத்துக் கூரை, கூரையிலிருந்து அவன் சின்ன வயதில் ஏறி விழுந்த மாமரம் என்று எங்கெங்கோ போய் நிற்கும். “அப்பா, உங்களிட்ட இருந்து ஒரு கதை எடுக்கிறதெண்டா நங்கூரம் இழுக்கிற மாதிரி” என்று சிரிப்பான். இழுக்கட்டும் என்றுதான் நானும் ஒற்றைச் சொல்லாகக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

நான் அவனை அழைப்பதில்லை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளைத் தேடிப் போவதில்லை; பிள்ளைகள் தேடி வருவார்கள். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய காலத்தில், பெரிய கப்பலை உள்ளே கொண்டுவந்து கட்டிவிட்டு, எண்ணெய் நாற்றத்தோடேயே முதலில் என் அப்பாவின் வீட்டுக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் என் வீட்டுக்கு வருவேன். அவர் ஒருநாளும் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பியதில்லை. நான் போகாத நாளும் இல்லை. இதை யாரும் எங்களுக்குச் சட்டமாகச் சொல்லித் தரவில்லை.

ஒரேயொரு முறை நான் எடுத்திருக்கிறேன். என் மனைவி கிறிஸ்டின் இறந்த அன்று. அதற்குப் பிறகு நிருபன் சொன்னான்: “அப்பா, உங்கட நம்பர் போனில விழுந்தா எனக்கு நெஞ்சு நிண்டிடும்.” அத்தோடு அந்த வழியும் அடைபட்டது. ஆகவே எனக்கு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அது போதுமாகவும் இருந்தது.

மாரிக்கு முன்னர் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். கை வீங்கியது, வேறொன்றுமில்லை. நான் யாருக்கும் சொல்லவில்லை. கட்டுப்போட்ட கையோடு பூசைக்குப் போனதுதான் பிழை. திருகோணமலைக் கோவிலில் ஒருவர் பார்த்தால் மத்தியானத்துக்குள் கனடாவில், நிருபன் இருக்கும் ஸ்காபரோவில் கதைப்பார்கள். நிருபன் எடுத்து, அப்பாவுடன் பேசும் தொனியை மறந்து ஏசினான். பிறகு அழுதான். அடுத்த கிழமை, “அப்பா, கோவிக்காதேங்கோ, ஒரு ஒழுங்கு செய்திருக்கிறன்” என்றான்.

அவன் செய்த ஒழுங்கின் பெயர் ‘அயல்’. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில், இளம் ஆட்கள் சிலர் நடத்தும் கொம்பனி. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்காக, இங்கே தனியாக இருக்கும் பெற்றோரை வியாழக்கிழமை தோறும் வந்து பார்த்து, பார்த்ததைப் பிள்ளைகளின் கைபேசிக்கு அறிக்கையாக அனுப்புவார்கள். பம்பு பழுதானால் ஆள் கூட்டிவருவார்கள். கிளினிக்குக்கு வாகனம் பிடித்துத் தருவார்கள்.

முதல் வியாழன் ஒரு பெண்பிள்ளை ஸ்கூட்டியில் வந்து கேற்றடியில் நின்றாள்.

“டொமினிக் அங்கிள், நான் நிரோஷினி. அயலில இருந்து வந்தனான்.”

“ஸ்கூட்டியை உள்ளுக்கு விடு.”

“வெளியில நிண்டா என்ன அங்கிள்? களவு போகாது.”

“களவுக்கில்லை. உன்ட முதுகில எழுதியிருக்கிறதை இந்த றோட்டு முழுக்க வாசிக்கத் தேவையில்லை.”

அவளுடைய மேற்சட்டையின் முதுகில், ‘உங்கள் பெற்றோருக்கு நாங்கள் இருக்கிறோம்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. இந்த வீதியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பெயர் உண்டு. பிள்ளை பார்க்காத தகப்பன் என்று அதை மாற்றி எழுத ஒரு மேற்சட்டை போதும்.

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“இல்லை அங்கிள். போற வீட்டில ஒண்டும் குடிக்கக்கூடாதெண்டு எங்கட சட்டம்.”

“ஆர் போட்டது?”

“நப்லா அக்கா. அவதான் கொம்பனி துவங்கினவ. வயது போன ஆக்களுக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாதெண்டு.”

“என்ட வீட்டில ஒருவாய் குடிக்காத ஆள் என்ட கையில பிறஷர் பட்டி கட்டேலாது.”

கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அப்ப இன்னொரு கரண்டி சீனி போடுங்கோ” என்று கதிரையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த இடத்தில் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. வெளியே காட்டவில்லை.

நிலாவெளிப் பிள்ளை. முன்பு தனியார் மருத்துவமனை ஒன்றில் விடுதி உதவியாளராக இருந்தவள். இரத்த அழுத்தம் பார்த்தாள், குளிசைகளை எண்ணினாள், காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைக் கேளாமல் குளிர்ப்பெட்டியைத் திறந்து உள்ளே படம் பிடித்தாள்.

“மூடு அதை.”

“நிருபன் அண்ணா பாக்கவேணும் அங்கிள்.”

“என்ட பிறிட்ஜுக்குள்ள பாத்துத்தான் நான் உயிரோட இருக்கிறனா எண்டு அவனுக்குத் தெரியவேணுமோ?”

“ஓம். முட்டை இருந்தாச் சரி.”

தொடக்கத்தில் நிருபனுக்குச் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை எடுத்து, “றிப்போட் பாத்தனான் அப்பா, எல்லாம் வடிவா இருக்கு” என்றான். நான் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். கேட்பதற்கு அவனிடம் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. சாப்பாடு, குளிசை, மோட்டர் எல்லாம் படத்தோடு வியாழனே போய்ச் சேர்ந்திருந்தது. “வேற என்ன அப்பா?” என்றான். “வேற ஒண்டுமில்லை” என்றேன். எனக்கு அப்படித்தான் சொல்லத் தெரியும். இத்தனை வருடமும் அப்படித்தான் சொல்லி வந்தேன். அதற்குப் பிறகும் அவன் இழுத்துக்கொண்டிருந்தான். இப்போது இழுக்கவில்லை. “சரி அப்பா, வைக்கிறன்” என்றான்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அழைப்பு குறுகியது. பிறகு அழைப்புக்குப் பதிலாக ஒரு செய்தி வந்தது: ‘பாத்தனான் அப்பா.’ அதற்குப் பிறகு பெருவிரலை உயர்த்திய படம் ஒன்று வந்தது. ஒரு ஞாயிறு அதுவும் வரவில்லை. நான் மத்தியானம் வரை முன்னறையில் இருந்தேன். எங்கள் ஊர் வீதிகளில் திரியும் மான்களில் ஒன்று கேற்றுக்குள் தலையை விட்டுச் செவ்வரத்தம் பூவைத் தின்றது. எழுந்து துரத்தவில்லை.

அவனைக் குறை சொல்லமாட்டேன். இரண்டு வேலை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பனி. அப்பாவுக்கு என்ன ஆச்சோ என்ற பயம்தான் அவனை எடுக்க வைத்தது என்றால், அந்தப் பயம் போனது நல்லதுதானே. காசு கொடுத்து நிம்மதி வாங்கியிருக்கிறான். கொம்பனி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஆனால் அந்த நிம்மதிக்குள் என் ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டது என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? “தம்பி, எனக்கு எடு” என்று ஒரு தகப்பன் மகனிடம் கேட்க முடியுமா? கேட்டு வருகிறது எனக்கு எதற்கு?

ஒரு வியாழன் நிரோஷினி அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தபோது, “காட்டு பாப்பம்” என்றேன். கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். ஒழுங்காகத்தான் இருந்தது. ‘அப்பா நலம். அழுத்தம் சரி. நன்றாகச் சாப்பிடுகிறார். முன்வாசல் மின்குமிழ் மாற்றப்பட்டது. பாரை மீன் வாங்கியிருந்தார்.’

“மீனையுமோ எழுதினனி?”

“அண்ணாக்கு விருப்பமாயிருக்கும் அங்கிள்.”

அந்தப் பாரையைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக வைத்திருந்தேன். நல்ல மீன். விற்றவன் நிருபனுக்குத் தெரிந்தவன்.

“இந்தக் கிழமை அனுப்பாதை” என்றேன்.

“என்ன அங்கிள்?”

“ஒண்டும் எழுதாதை. அனுப்பாதை.”

“ஏலாது அங்கிள். எனக்கு ஏச்சு விழும்.”

“என்ட வீட்டில நடக்கிறதைச் சொல்றதும் சொல்லாததும் என்ட விருப்பம்.”

இழுவைப் படகில் பேசும் குரல் வந்துவிட்டது போலிருக்கிறது. அவள் எழுதியதை அழித்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்துப் போனாள்.

மறுநாள் விடியற்காலையில் கைபேசி அடித்தது.

“அப்பா! என்ன நடந்தது?”

“ஒண்டுமில்லை. ஏன்?”

“றிப்போட் வரேல்ல. நான் பயந்துபோனன். அந்தப் பிள்ளை வரேல்லயா?”

“வந்தது.”

“அப்ப ஏன் அனுப்பேல்ல?”

“கொம்பனியைக் கேள்.”

அன்று அவன் வைக்கவில்லை. கையைக் கேட்டான், காலைக் கேட்டான், மீன் விலையைக் கேட்டான். பாரையைப் பற்றிச் சொன்னேன். விற்றவனின் கதை போய், அவனுடைய தகப்பனின் வள்ளம் போய், கிறிஸ்டின் வைக்கும் பாரைக் குழம்பில் வந்து நின்றது. “அம்மா அதுக்கு மாங்காய் போடுறவ என்ன?” என்றான். “ஓம்” என்றேன். பேரப்பிள்ளைகள் வந்து “அப்பப்பா” என்றார்கள். அன்று முழுதும் நான் மனிதனாக நடமாடினேன். சவரம்கூட இரண்டாம் முறை செய்தேன்.

கொம்பனியைக் கேள் என்று நான் சொன்னேன், அவன் கேட்டிருக்கிறான். அது எனக்கு அடுத்த வியாழன்தான் தெரிந்தது. கேற்றடியில் மூன்று பேர் நின்றார்கள்.

“சேர், நான் நப்லா” என்றாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்த பெண். கிண்ணியாப் பிள்ளை. கொழும்பில் பெரிய இடத்தில் வேலை செய்துவிட்டு, தன் ஊரில் ஏதாவது செய்யவேண்டும் என்று திரும்பி வந்தவள் என்று நிரோஷினி முன்பே சொல்லியிருந்தாள். “இவர் இன்பாஸ். எங்கட மென்பொருள் எல்லாம் இவர் எழுதுறதுதான். உங்கட மகன் கடுமையா எழுதி அனுப்பியிருக்கார். அதுதான் மன்னிப்புக் கேக்க வந்த.”

“உள்ளுக்கு வாருங்கோ.”

உட்கார்ந்தார்கள். நிரோஷினி மட்டும் கதவடியில் ஸ்கூட்டித் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“நிரோஷினி அனுப்ப மறந்துபோய்ட்டாவாம்” என்றாள் நப்லா. “இனி உங்கட வீட்டுக்கு வேற ஆளை அனுப்புறம். இப்பிடி நடக்காது.”

நான் நிரோஷினியைப் பார்த்தேன்.

“மறந்தனெண்டு சொன்னனியா?”

“ஓம் அங்கிள்.”

“ஏன்?”

“வேற என்னத்தைச் சொல்ல?”

என் வீட்டு விஷயத்தை என் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறாள். அதற்குத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறாள். எனக்காக ஒரு பெண்பிள்ளை ஏச்சு வாங்கிக்கொண்டு கதவடியில் நிற்க, நான் கதிரையில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் யாரும் தன் செய்கையை வேறொருவர் தலையில் ஏற்றியதில்லை.

“அவள் மறக்கேல்ல” என்றேன். “அனுப்ப வேண்டாமெண்டது நான்.”

“ஏன் சேர்?” என்றான் இன்பாஸ். “எதையாவது பிழையா எழுதிட்டமா?”

“இல்லை. எல்லாம் சரியாத்தான் எழுதுறீங்கள்.”

எழுந்து குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன். தட்டோடு திரும்பி வந்தபோது நப்லா சுவரிலிருந்த நிருபனின் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கேட்டாள்:

“றிப்போட் போகத் துவங்கின பிறகு மகன் கதைக்கிறது குறைஞ்சிட்டா சேர்?”

“தேத்தண்ணி ஆறுது” என்றேன்.

யாரும் குடிக்கவில்லை. நிரோஷினிதான் வாயைத் திறந்தாள்.

“அக்கா, நிஸா ரீச்சருக்கும் இதுதான். இப்ப சொல்லட்டா?”

நஜ்முன் நிஸா கிண்ணியாவில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அவருடைய மகள் லண்டனில்.

“போன மாசத்தில இருந்து, ‘பிள்ளை, கொஞ்சம் தலைசுத்து எண்டு எழுதுங்க’ எண்டு கேப்பா. தலைசுத்து ஒண்டும் இல்லை. நல்லா நடந்து போய்க் கடையில சாமான் வாங்குறா. தலைசுத்தெண்டு போட்டா அண்டைக்கே மகள் எடுப்பா. மூண்டு நாலு வீட்டில அப்பிடித்தான். நானும் எழுதினன்.”

இன்பாஸ் கோப்பையைக் கீழே வைத்தான். “தலைசுத்தெல்லாம் பொய்யா?”

“ஓம்.”

“அல்லாஹ்வே! கிண்ணியாவில தலைசுத்துக் கூடுது எண்டு நான் ஒரு வரைபடமே கீறி வெச்சிருக்கன். முதல் போட வாற கொழும்பு ஆக்களுக்குக் காட்டுறத்துக்கு. டொக்டர் ஒருவரையும் பேசியிருக்கம் ராத்தா!” என்றான் நப்லாவைப் பார்த்து.

நப்லா சிரிக்கவில்லை. “எல்லாரும் என்ன தேவை எண்டு கேட்டா ‘ஒண்டும் தேவையில்லை’ எண்டுதான் சொன்னாங்க. நாங்க அதை அப்பிடியே எழுதிக்கொண்டு வந்த. எங்கட உம்மாவும் வாப்பாவும் ‘ஒண்டும் வேணாம்’ எண்டா அதை நம்புறமா? வீட்டில நம்பமாட்டம். வேலையில நம்பியிருக்கம்.”

“அதுக்கென்ன செய்றது?” என்றான் இன்பாஸ். “எங்களுக்குக் காசு தாற ஆள் லண்டனிலயும் கனடாவிலயும் இருக்கிற பிள்ளை. அவங்கட பிரச்சினை கவலை. கவலையை நாங்க தீர்த்திருக்கம். ஒருவரும் விட்டுப் போகல்ல. நல்லாத்தான் போகுது.”

“படி ஏறிப் போறவள் நான்” என்றாள் நிரோஷினி. “உனக்குக் கொம்பியூட்டரில நல்லாத்தான் தெரியும். நான் வாசலுக்கு வந்தா ரீச்சர் என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு முதல் கேக்கிறது, ‘மகள் ஏதும் எழுதினாவா?’ எண்டு. நாங்கள் ஆருக்கு வேலை செய்யிறம் எண்டதை முதல்ல சொல்லுங்கோ.”

“ரெண்டு பேருக்கும்” என்றாள் நப்லா.

“ரெண்டு பேருக்கும் எண்டா எப்பிடி?” இன்பாஸுக்குக் குரல் உயர்ந்தது. “வேணுமெண்டா அப்பிடிச் செய்வம், முதல்ல உம்மாவோட கதைச்சாத்தான் றிப்போட் திறக்கும் எண்டு ஒரு பூட்டைப் போடுவம். நல்லா உருப்படும்!”

நப்லா அவனைத் திரும்பிப் பார்த்தாள். “போடுவம்.”

“ராத்தா, நான் கோவத்தில சொன்ன.”

“கோவத்திலதான் உனக்கு மூளை வேலை செய்யும். அது ஏலுமா?”

“ஏலும். ஆனா அந்தப் பக்கம் கோவிப்பாங்க.”

“உம்மாவோட கதைக்கச் சொன்னத்துக்குக் கோவிக்கிறவர் எங்களுக்கு வேணுமா?”

“வேணும் ராத்தா. அவர்தான் எங்களுக்குச் சம்பளம் தாறவர்.”

அப்போதுதான் மூவரும் சிரித்தார்கள். இழுவைப் படகில் இயந்திரக்காரனும் கயிற்றுக்காரனும் இப்படித்தான் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருப்பார்கள். ஏசாத நாளில்தான் எனக்குப் பயம் வரும். நான் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். வீட்டில் குரல் கேட்டு வெகுகாலம்.

புறப்படும்போது நப்லாவை நிறுத்தினேன்.

“என்ட மகனுக்கு எழுதுங்கோ. நிரோஷினியில பிழை இல்லை, அனுப்ப வேண்டாமெண்டது அப்பாதான் எண்டு. என்ட பேரைப் போட்டு எழுதுங்கோ.”

“காரணம் கேட்டா சேர்?”

“காரணம் எழுதத் தேவையில்லை.”

“சரி சேர். நிரோஷினியையே அனுப்புறம்.”

“அவளைத் தவிர வேற ஆள் வந்தா கேற் திறக்காது.”

பூட்டைச் செய்துமுடிக்க இன்பாஸுக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. அவசரமான விஷயம் என்றால், நோய் நொடி என்றால், உடனே போகும். மற்றபடி பிள்ளை அந்தக் கிழமை பெற்றோரோடு பேசிய பிறகுதான் அறிக்கை திறக்கும். முதல் கிழமையே ஏச்சு வந்தது. ‘என் தாயோடு எப்போது பேசவேண்டும் என்று நீங்கள் யார் சொல்வதற்கு’ என்று ஒருவர் எழுதிவிட்டு விலகினார். இன்னும் சிலர் போனார்கள். முதல் போட வரவிருந்த கொழும்பு ஆட்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். நிரோஷினி வந்து இதையெல்லாம் சொன்னாள். நிஸா ரீச்சருக்குத் தலைசுற்று அடியோடு போய்விட்டதையும் சொன்னாள். மகள் எடுக்கிறாளாம். ஒருநாள் அறிக்கைக்கென்று எடுத்தவள், உம்மாவோடு பேசிய சுவாரசியத்தில் அறிக்கையைத் திறக்கவே மறந்துபோனாளாம். அதைக் கேட்டதும் இன்பாஸ் மேசையில் ஏறி ஆடினானாம்.

“அடுத்தது உங்கட வீடு அங்கிள்” என்றாள். “இந்தக் கிழமை பூட்டுப் போடுறம்.”

“என்ட வீட்டுக்கு வேண்டாம்.”

“ஏன் அங்கிள்? இது உங்கட வீட்டில இருந்தெல்லே துவங்கினது!”

“நல்ல வேலை. மற்ற வீடுகளுக்குப் போடுங்கோ. நிஸா ரீச்சருக்கு நல்லதெண்டா எனக்குச் சந்தோஷம். என்ட மகன் பூட்டுத் திறக்கிறதுக்காக எனக்கு எடுக்கத் தேவையில்லை.”

“எப்பிடியெண்டாலும் கதைப்பார்தானே அங்கிள். கதைச்சாச் சரிதானே.”

எனக்குச் சரியில்லை. கைபேசி அடிக்கும். எடுப்பேன். அவன் குரல் வரும். அது என்னைத் தேடி வந்த குரலா, அறிக்கையைத் தேடி வந்த குரலா என்று ஒவ்வொரு ஞாயிறும் நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருக்கவேண்டும். அந்த அவமானத்தைவிட அடிக்காத கைபேசி மேல். இதை அவளிடம் சொல்லவில்லை. “என்ட மகனுக்குப் பூட்டு வேண்டாம்” என்று மட்டும் சொன்னேன்.

நப்லா இதைக் கேட்டு, பெற்றோர் விரும்பினால் மட்டும் பூட்டுப் போடுவது என்று மாற்றினாளாம். இன்பாஸ் மறுபடியும் இரவு பகலாக எழுதவேண்டி வந்ததாம். “டொமினிக் அங்கிளுக்கெண்டே ஒரு கொம்பனி நடத்துறம்” என்று புறுபுறுத்தானாம்.

என் வீட்டு அறிக்கை வழமைபோல வியாழனே போனது. எல்லாம் நலம், முட்டை இருக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்து வந்தேன். சாரத்துக்கு மாறினேன். கதிரையில் இருந்தேன். நப்லா என் சொல்லை அவனுக்கு எழுதியிருந்தாள். அவன் அதை வாசித்துவிட்டான் என்று நிரோஷினி சொல்லியிருந்தாள். அவன் எடுக்கவில்லை. கோபமோ, வெட்கமோ, வேலையோ. பெருவிரலும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே போனது. வியாழன் வந்த நிரோஷினி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பூட்டைப் போடச் சொல்லட்டா அங்கிள்?” என்றாள்.

“வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியைக் குடி.”

“வாயை மூடிக்கொண்டு எப்பிடிக் குடிக்கிறது?” என்றாள். ஆனால் அவளும் சிரிக்கவில்லை.

அவள் போன பிறகு கைபேசியை எடுத்து நிருபனின் பெயரைத் திரையில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். ஒரு விரல் பட்டால் போதும். அங்கே அவனுடைய நெஞ்சு நின்றுபோகும். திரை தானாக இருண்டது. திரும்ப வைத்தேன்.

அதற்குப் பிறகு, ஞாயிறல்லாத ஒரு கிழமை நாளில், மத்தியானம், குசினியில் சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். முன்னறையில் கைபேசி அடித்தது. இந்த நேரத்தில் எனக்கு எடுக்கிறவர்கள் இல்லை. செதில் அப்பிய கையோடு போய்ப் பார்த்தேன். நிருபன்.

“என்ன நடந்தது?” என்றேன்.

“ஒண்டும் நடக்கேல்ல அப்பா.”

“பிள்ளையள்?”

“நித்திரை.”

“றிப்போட் வரேல்லயோ?”

“வந்தது. பாத்தனான். எல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

“பிறகென்ன?”

செதில் படாமல் கைபேசியை மற்றக் கைக்கு மாற்றினேன்.

“சும்மா எடுத்தனான் அப்பா.”

அங்கே இப்போது சாமம். ஏன் நித்திரை கொள்ளவில்லை என்று கேட்கவேண்டும் போலிருந்தது. கேட்டால் அவன் ஒரு காரணம் சொல்லவேண்டி வரும். கேட்கவில்லை. குசினிக்குத் திரும்பி வந்து பலகையை இழுத்து உட்கார்ந்தேன். கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுத்த மீனை எடுத்தேன். கைபேசிக்குள் ஏதோ பாரமான ஒன்று நிலத்தில் உரசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

“அது என்ன சத்தம்?”

“பனி வழிக்கிற லொறி அப்பா. றோட்டால போகுது.”

“இந்த நேரத்திலயோ?”

“இந்த நேரத்திலதான் வருவாங்கள். விடியிறதுக்குள்ள முடிக்கவேணும்.”

“அதில எத்தினை பேர்?”

“ஒராள்தான்.”

“தனியவோ?”

“ஓம் அப்பா. தனியத்தான்.”

கதை மறுபடியும் நின்றுபோகப் பார்த்தது. அவனுடைய “சரி அப்பா, வைக்கிறன்” வாசல்வரை வந்து நிற்பது எனக்குக் கேட்டது. வாழ்நாளில் நான் அவனிடம் கதை இழுத்ததில்லை. கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டேன்.

“அந்த லொறிக்கு முன்னுக்குத் தகடு இருக்குமோ?” என்று கேட்டேன். “பனியை எந்தப் பக்கத்தால ஒதுக்குறான்?”